பாஷாணமும் ஒரு உருவகமும்

புற்றுநோய் பற்றிப் பேச நாம் எடுத்தாளும் சொற்கள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து வந்தவை. தாக்குதல், ஊடுருவல், அழித்தொழிப்பு. 1971இல் நிக்ஸன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டத்துக்கு அமெரிக்காவில் வழங்கிய பெயரே யுத்தம் என்பதுதான். 1978இல் சூசன் சொன்டாக், நோயை உருவகமாக்கும் இந்தப் பழக்கத்தை எதிர்த்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். (அவரே 2004இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார்.) அதைப் படித்தபின், யுத்தமில்லாத சிகிச்சை ஒன்று உண்டா என்று தேடினேன். உண்டு என்று தெரிந்த சந்தோஷத்தில் நான் செய்த தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வெள்ளணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து, படிப்படியாக முதிர்ந்து, தன் வேலையைச் செய்து, சீக்கிரமே செத்துப் போகிறது. சில ரத்தப் புற்றுநோய்களில் அணு பாதியில் நின்றுவிடுகிறது. முதிர்வதில்லை, எனவே சாவதுமில்லை, பெருகிக்கொண்டே இருக்கிறது. இதைக் கொல்வதற்குப் பதில் முதிரச் செய்ய முடியுமா? 1971இல் ஷார்லட் ஃப்ரெண்ட், எலியின் புற்றணுக்களை ஒரு சாதாரணக் கரைப்பானில் வைத்தபோது அவை ஹீமோகுளோபின் தயாரிக்கத் தொடங்கின. 1980இல் ப்ரைட்மன் குழுவினர், விட்டமின் ஏயின் உறவான ரெட்டினாயிக் அமிலத்தைக் கொண்டு மனிதப் புற்றணுக்களை முதிரச் செய்தார்கள். எல்லாம் கண்ணாடித் தட்டில் நடந்தவை.

மனித உடம்பில் அது நடந்தது ஷாங்காயில். நார்வேக்காரரான ஹில்லஸ்டாட் 1957இல் தனியாக அடையாளம் காட்டிய ப்ரோமைலோசைட்டிக் லுகீமியா, ரத்தக் கசிவால் சில வாரங்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். 1985இல், சாகக் கிடந்த 5 வயதுச் சிறுமி ஒருத்திக்கு வாங் ஷென்யி ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வகையை வாய்வழியே கொடுத்தார். பிழைத்தாள். 1988இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். 24 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. மஜ்ஜை கருகவில்லை.

இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கொல்லாமல் திருத்துவது! நண்பர்கள் கூட்டமொன்றில் இதைப் பேசும்போது காந்தியைக்கூட இழுத்தேன். அந்த மருந்து மட்டும் கொடுத்தால் பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது என்பதையும், ஒரே நேரத்தில் முதிரும் அணுக்கள் நுரையீரலில் புகுந்து மூச்சை அடைப்பதுண்டு என்பதையும் அடிக்குறிப்புகளாக ஒதுக்கிவிட்டேன். உருவகம் அழகாக இருந்தால் உண்மையை அடிக்குறிப்பாக்குவது விமர்சகனின் வியாதி.

அதே நோய்க்கு இன்னொரு மருந்தும் சீனத்திலிருந்தே வந்தது. ஹார்பினில் ஷாங் டிங்டாங், 1970களில் ஒரு நாட்டு வைத்தியக் கலவையைத் துருவிப் போய், அதில் வேலை செய்வது ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு என்ற முடிவுக்கு வந்தார். நம் வெள்ளைப் பாஷாணம். (‘சித்தர்கள் அன்றே...’ என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: எந்த ரத்தப் புற்றுநோய்க்கு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு பாஷாணத்தைப் போலவே முக்கியம்.)

அந்தக் கணக்கின் ஒரு பெரிய அத்தியாயம் வேலூரில் எழுதப்பட்டது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1998 முதல் 2004 வரை, விக்ரம் மேத்யூஸ், மாமன் சாண்டி முதலியோர் 72 புதிய நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். 62 பேருக்கு நோய் முற்றாக அடங்கியது. முடிவு 2006இல் வெளியானது; 2010இல் வந்த தொடர்ச்சி, 5 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் சுமார் 74 சதவிகிதம் என்றது. ஏன் ஆர்சனிக் மட்டும்? இதில் தத்துவம் ஒன்றுமில்லை. மற்ற மருந்துகளின் விலை. வழக்கமான சிகிச்சைக்குப் பணம் கட்ட முடியாதவர்களே அங்கே அதிகம். மருந்தை ஆஸ்பத்திரியின் மருந்தகத்திலேயே தயாரித்தார்கள்.

சேவூரில் நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் காரணம் காந்தியைவிட நன்றாகப் புரிகிறது. பாரத்தில் ‘மருத்துவச் செலவு’ என்று எழுதிவிட்டு, தறி ஓட்டுகிறவரின் மனைவி கழுத்திலிருந்து கழற்றி வைப்பதை எடை போட்டிருக்கிறேன்.

என் உருவகத்தை உடைத்ததும் இந்த ஆர்சனிக்தான். இந்த நோயில் 15ஆவது குரோமோசோமும் 17ஆவதும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று 1977இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கும் கலப்புப் புரதம்தான் முதிர்ச்சியைத் தடுக்கிறது என்பது 1990-91இல் தெரிந்தது. ரெட்டினாயிக் அமிலம் அந்தப் புரதத்தை ஒரு முனையில் பிடிக்கிறது, ஆர்சனிக் மறுமுனையில். இரண்டும் அதைச் சிதைக்கின்றன. ஹ்யூக் டெ தே போன்றோரின் பிந்தைய ஆய்வுகள் இன்னும் சங்கடமானவை: அணு முதிர்ந்துவிடுவதால் மட்டும் நோய் குணமாவதில்லை, அந்தப் புரதம் ஒழிய வேண்டும். முதிர்ச்சி நடந்தும் நோய் வேரோடு போகாமல் இருக்கலாம். ஆக, திருந்தியது யாருமில்லை. ஒரு புரதம் அழிக்கப்பட்டது. யுத்தத்தைத் துரத்திவிட்டு நான் உள்ளே கொண்டுவந்த உருவகமும், துரத்தியதைப் போலவே பாதி பொய்.

மருந்துக்கு இதனால் நஷ்டமில்லை. 2013இல் லோ-கோகோவின் குழு, கீமோதெரபியே இல்லாமல் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில், அபாயம் குறைந்த நோயாளிகளில் 97 சதவிகிதத்தினர் 2 ஆண்டுகளை விக்கினமின்றிக் கடந்தார்கள். மற்றப் புற்றுநோய்களில் இப்படியொரு வெற்றி வாய்க்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவில் ரெட்டினாயிக் அமிலத்துக்குத் துணைப்பாத்திரம் உண்டு. வேறு வகை ரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கு, மரபணு மாற்றம் பார்த்துக் கொடுக்கும் புதிய மாத்திரைகள் 2017 முதல் வந்திருக்கின்றன. அவ்வளவுதான்.

இந்த நோயில் இன்று சாகிறவர்களில் பலர் மருந்து வேலை செய்வதற்கு முன்பே, முதல் சில நாட்களில், மூளையில் ரத்தம் கசிந்து சாகிறார்கள். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்ததை, உடம்பில் காரணமில்லாமல் நீலம் பாரித்ததை, சூடு என்று சொல்லி ஒரு வாரம் இளநீர் குடித்துப் பார்த்தவர்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு அவிநாசி தாண்டிக் கோவைக்கு ஒரு பஸ்.