தோட்டப் பள்ளியும் குருதிச் சுற்றோட்டப் பாடமும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகக் கல்வி வரலாற்றினை ஆராய்ந்தோர் பெரும்பாலும் பள்ளிகளின் தொகை, ஆசிரியர் தொகை, மாணவர் வரவு ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொண்டுள்ளனர். அவை இன்றியமையாதவையே. எனினும், தோட்டப் பள்ளியில் எது கற்பிக்கப்பட்டது, எது கற்பிக்கப்படாது விடப்பட்டது, அதனால் நயமடைந்தோர் யார் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரையில் நாம் ஒரேயொரு பாடத்தை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்ப முயல்கிறோம். மனித உடலிற் குருதி சுற்றியோடும் முறையைத் தொடக்க வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிக்கும் பாடமே அது.

இலக்கிய மாணாக்கருக்கு உடற்றொழிலியலில் என்ன வேலை என வாசகர் வினவலாம். மலையக இலக்கியத்திலும் தொழிற்சங்க மேடைகளிலும் இரத்தத்தைப்போல் அடிக்கடி எடுத்தாளப்பட்ட படிமம் வேறில்லை. தேயிலைச் செடிக்கு உழைப்பாளியின் இரத்தம் உரமாயிற்று என்ற கூற்று தேய்வழக்காகவே மாறிவிட்டது. யாருடைய இரத்தம் இவ்வாறு ஓயாது பேசப்பட்டதோ, அம்மக்கள் தம் இரத்தத்தைப் பற்றிய அறிவை எப்பொழுது, எவ்வடிவிற் பெற்றனர்? இவ்வினா இலக்கிய வரலாற்றுக்கும் உரியதே.

1

இவ்வறிவு தமிழில் இல்லாமையாலேயே மலையகப் பிள்ளைக்குக் கிட்டவில்லை என்று கூறுவதற்கில்லை. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கட்டர் என்பாரின் நூல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் 1857இல் தமிழாக்கமாக வெளிவந்தது. அங்காதிபாதம் உடலமைப்பையும், சுகரணம் உடற்றொழிலையும், உற்பாலனம் உடல்நலம் பேணலையும் குறித்தன. அதனைத் தொடர்ந்து 1872இல் 'மனுஷ அங்காதிபாத'மும், 1883இல் 'மனுஷ சுகரண'மும் வெளிவந்தன. வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவிய குருதிச் சுற்றோட்டக் கொள்கையைத் தமிழிற் கற்க வேண்டிய நூல்கள், ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்நாட்டில் இருந்தன.

அதே காலப்பகுதியில் மலையகத்திற் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோரின் மொழியும் தமிழே. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும், 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயாற் கோப்பி வீழ்ந்ததும், மலைநாடு தேயிலை நாடாகியதும் நாமறிந்தவை. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள வீதித் தொலைவு ஏறத்தாழ 200 மைல். மானிப்பாயிலே தமிழில் இருந்த அறிவு அத்தொலைவைக் கடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. மொழி ஒன்றாயிருந்தும் வர்க்கம் குறுக்கே நின்றமையே இதற்குக் காரணம் என்பது எமது துணிபு.

2

தோட்டப் பிள்ளைகளின் கல்வி சட்டத்தில் இடம்பெற்ற முறையை நோக்கின் இது மேலும் தெளிவாகும். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பாக்கின. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன்னர் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. பத்து மணிக்குப் பின்னர் அமர்த்தலாம் என்பதே இதன் மறுபுறம். பிள்ளையின் நாளைப் பள்ளிக்கும் மலைக்கும் பங்கிட்ட இச்சட்டம் எத்தகைய கல்வியை எதிர்பார்த்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. எழுத்து, வாசிப்பு, சிறு கணக்கு என்பவற்றோடு அது நின்றது. பள்ளிகளிற் பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகள். ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாதவை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்க வழிசெய்தது. ஆயினும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிய சூழலில் அவ்வேற்பாடு செயல்வடிவம் பெறவில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே, 1977 முதல், பள்ளிகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. ஏனைய பகுதிகளிற் சுயமொழி விஞ்ஞானக் கல்வி வேரூன்றிய 1950களிலும் 1960களிலும் தோட்டப் பள்ளி அவ்வோட்டத்துக்குப் புறத்தேயே நின்றது.

3

இரத்தத்தைப் பற்றிய நவீன அறிவு தோட்டங்களுக்குள் அறவே நுழையவில்லையா? நுழைந்தது, ஆனால் பள்ளிக்கூட வாயிலால் அன்று.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தோட்டத் தொழிலாளரே அதன் முதல் இலக்காயினர். குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவினால் இரத்தசோகை உண்டாகிறது. இரத்தசோகை உள்ளவர் விரைவில் இளைப்படைவர். இளைப்படைபவரின் உழைப்பு குறையும். தோட்ட முதலாளிகளிடம் எடுத்துரைக்கப்பட்ட தருக்கத்தின் சாரம் இதுவே. தொழிலாளருக்குச் செனப்போடியம் எண்ணெய் கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆனால், நோய் மீளாதிருக்க வேண்டுமாயின் லயங்களுக்குக் கழிப்பிடங்கள் கட்டப்பட வேண்டும். அச்செலவுக்குத் தோட்ட நிர்வாகங்கள் எளிதில் இணங்கவில்லை. மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயுற்றனர்.

இவ்வியக்கத்தின் மருத்துவப் பயனை நாம் மறுக்கவில்லை. உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும், தொழிலாளியின் குருதி உழைப்பாற்றலின் ஓர் அளவையாகவே அங்கு நோக்கப்பட்டது. அதனை அறியும் உரிமையுடையவராக அவர் நோக்கப்படவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அப்புழுவின் பயணத்தைப் போலக் குருதிச் சுற்றோட்டத்தைத் தெளிவுபடுத்தும் எடுத்துக்காட்டு பிறிதொன்றைக் காண்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் கண்டறிந்தவாறு, அதன் இளம்புழு பாதத் தோலைத் துளைத்து நாளங்களுள் நுழைகிறது. நாளங்கள்வழி இதயத்தின் வலப்புறத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. மூச்சுக்குழல்வழி தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. உடலெங்கும் சென்ற குருதி வலப்புற இதயத்துக்குத் திரும்பி நுரையீரலுக்குச் செல்லும் என்ற பாடத்தின் பாதி இதனுள் அடங்கியுள்ளது. தன் காலடியிலிருந்து தொடங்கும் இப்பாடம் தோட்டப் பிள்ளைக்குச் சொல்லப்படவேயில்லை.

4

இனி வகுப்பறைக்கு வருவோம். ஹார்வியின் நிறுவல் அடிப்படையில் ஒரு கணக்காகும். வளர்ந்த ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை வெளித்தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனின், 5,040 மில்லிலீற்றர். அதாவது ஐந்து லீற்றர். ஒரு மணி நேரத்தில் 300 லீற்றர். உடலிலுள்ள குருதியோ மொத்தமாக ஐந்து லீற்றர் அளவினதே. அவ்வாறாயின் அதே குருதி திரும்பி வந்தே ஆகவேண்டும். கொழுந்து மடுவத்தில் தாயின் கூடை நிறுக்கப்படுவதையும், கழிவு போக எத்தனை கிலோ பதியப்படுகிறது என்பதையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இக்கணக்கு அந்நியமானதன்று. நிறுத்துப் பார்த்து உண்மையை அறிதல் அதன் வீட்டுப் பேச்சிலேயே உள்ளது.

கருவிகளும் அதிகம் வேண்டியதில்லை. லயத்திலிருந்து மேட்டிலுள்ள பள்ளிக்கு ஏறிவந்த பிள்ளை, தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணலாம். கால் மணி நேரம் அமர்ந்திருந்தபின் மீண்டும் எண்ணலாம். இரண்டு எண்களுக்குமிடையிலுள்ள வேறுபாடே பாடம். கூடையுடன் நாள் முழுதும் ஏறியிறங்கும் தாயின் இதயம் செய்யும் வேலையை அப்பிள்ளை தானே உய்த்துணரும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காது வடிவதைக் காணாத மலையகப் பிள்ளை இல்லை. அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் குருதி உறைவதைத் தடுக்கிறது என்று கூறும்போது, உறைதல் என்னும் தொழிலும் உடன் விளங்கும்.

இடர் ஏற்படுவது சொற்களில். எமது பாடநூல்கள் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வதை நாடி என்றும், இதயத்துக்குக் கொண்டுவருவதை நாளம் என்றும் வழங்கும். தமிழக நூல்கள் தமனி, சிரை என்னும். நாடி என்பது மக்கள் வழக்கில் வைத்தியர் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு. கையிற் பச்சையாகத் தெரியும் நாளத்தையோ அவர்கள் நரம்பு என்பர். பாடநூலில் நரம்பு முற்றிலும் வேறானது. இவ்வழக்குகளை அறியாமை என்று ஒதுக்கும் ஆசிரியர், பிள்ளையின் தாயையும் உடன் ஒதுக்கிவிடுகிறார். "ரத்தம் சுண்டிப்போச்சு" என்ற பேச்சில் நீண்டகால அனுபவம் உறைந்துள்ளது. அதனை இரத்தசோகையோடு இணைத்து விளக்கி, கீரையும் பருப்பும் கருவாடும் பற்றிப் பேசி, உணவோடு சாயத்தண்ணீர் குடித்தால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும் என்றும் எடுத்துக்கூறும்பொழுதே பாடம் லயத்துக்குள் நுழைகிறது. ஆயின், உணவைப் பற்றிய அறிவுரை கூலியைப் பற்றிய கேள்விக்கு ஈடாகாது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

5

பொருளியல் வரலாற்றிலும் இவ்வறிவுக்கு இடமுண்டு. பிரெஞ்சு அரசவை மருத்துவராயிருந்த கெனே, செல்வம் வர்க்கங்களுக்கிடையே சுற்றிவரும் முறையை 1758இல் ஓர் அட்டவணையாக வரைந்தார். மார்க்ஸ் அதனைப் பெரிதும் மதித்தார். சுற்றோட்டம் என்ற கருத்தின் உயிர்நாடி திரும்பி வருதல் என்பதே. சென்ற குருதி திரும்பாவிடின் உடல் நிலைக்காது. மலையிலிருந்து தொழிற்சாலைக்கும், கொழும்புக்கும், இலண்டனுக்கும் சென்ற கொழுந்தின் பெறுமதியில் மலைக்குத் திரும்பியது எவ்வளவு என்பதைத் தோட்டப் பொருளாதார வரலாறு காட்டும்.

1998ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பின் தொடக்க வகுப்புகளிற் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் தனிப் பாடமாக இடம்பெற்றன. மலையகத்திலிருந்தே ஆசிரியர்கள் உருவாகினர். இவை போராடிப் பெற்ற முன்னேற்றங்கள். எனினும், விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. தோட்டப் பெண்களிடையே இரத்தசோகையும் அகலவில்லை.

இம்மக்களின் இரத்தத்தை உரமாகப் பாடிய இலக்கியம் தன் காலத்திற் செய்யவேண்டியதைச் செய்தது. ஆயினும், தன் இதயம் தன் கைமுட்டியளவினது, அது நிமிடத்துக்கு இத்தனை முறை துடிக்கிறது, அம்மாவுக்கு இளைப்பு வருவதற்கு இன்னது காரணம் என்று ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லக் கற்பது அப்படிமத்தினும் ஒரு படி முன்னேறியதாகும். காரணத்தை அறிந்த பிள்ளை, கழிப்பிடம் ஏன் கட்டப்படவில்லை என்றும் கேட்கும். தோட்டப் பள்ளியின் பாடத்திட்டம் இக்கேள்வியிலிருந்து எத்தனை காலம் காக்கப்பட்டது என்பதே நாம் மேலே கண்ட வரலாறு. அக்கேள்விக்கு இடமளிக்கும் பாடங்களை மலையகத்து அனுபவத்திலிருந்தே எழுதுவது ஆசிரியரும் ஆய்வாளரும் இணைந்து மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.