ஜின் பேசினால் கேட்பார்கள்

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் வருஷாவருஷம் ஜமாதுல் ஆகிர் பிறை தெரிந்தால் கொடியேற்றம். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் பேரில் பன்னிரண்டு நாள். ஆண்டகையின் கப்று இங்கே இல்லை, பேர் மட்டும்தான். ஆனாலும் புள்ளை வரம், நோய், மாப்பிள்ளை சரியில்லை என்று ஆயிரம் நேர்ச்சையோடு பெண்கள் வருவார்கள். ஊர்ப் பள்ளிகளில் ஆண்களின் ஸப்புதான். கடற்கரையில் பெண்களுக்கும் இடம் இருந்தது.

இதோடு சேர்ந்ததுதான் ஜின் பிடிப்பதும். தலையை விரித்துப் போட்டு, மாமியையும் புருஷனையும் பேர் சொல்லித் திட்டுவாள். யாரும் அடிக்க மாட்டார்கள், ஏசுவது அவளில்லையே! மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1971இல் சோமாலியப் பெண்களைப் பற்றி இதையே எழுதினார்: ஆவி உடுப்பும் வாசனைத் திரவியமும் கேட்கும், கணவன் வாங்கிக் கொடுப்பான்.

எங்கள் கரை சோமாலியா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், குடியும் தாய்வழிதான். அப்படியென்றால் ஜின் எதற்கு? வீடு இருந்தது, சொல் இருக்கவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள். காதி ஆணாகத்தான் இருக்க வேண்டும்; கலியாணப் பதிவில் மணமகளின் கையெழுத்துக்கூடத் தேவையில்லை, வலியின் கையெழுத்துப் போதும். சொந்த வீட்டுத் திண்ணையிலிருந்தும் ‘இவன் வேணாம்’ என்று சொல்ல முடியாதவள் ஜின்னின் வாயால் சொன்னாள்.

இதை விடுதலை என்று கொண்டாட எங்களுக்கு மனமில்லை. பிடித்தது ஜின்தானா என்று முடிவெடுப்பது, ஓதி ஊதுவது, இஸ்மு எழுதிக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். குணமாகிவிட்டால் பேச்சும் நின்றுவிடும். தமிழ்நாட்டு ஏர்வாடியில் தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட நோயாளிகள் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டியபடியே தீயில் கருகினார்கள். 28 பேர்.

பிறகு ‘ஷிர்க்’ என்ற சொல் ஊருக்குள் பலமானது. பெண்களுக்கு மத்ரஸாக்கள் வந்தன, ஓதவும் வாதாடவும் படித்தார்கள். அது சின்ன விஷயமில்லை. மூத்தம்மாமார் கொடிக்குப் போவதைச் சொல்லக் கூச்சப்படவும் தொடங்கினார்கள்.

2004 சுனாமி வீடுகளையும் கொண்டுபோனது. புது வீடு கொடுத்தபோது பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பேரில் உறுதி எழுதினார்கள். உம்மாமார் மகள்மாருக்குக் கொடுத்துவந்த வளவு அது.