தேசியப் பெருந்தெருக்கள் சட்டம் (இலங்கை)

1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பெருந்தெருக்கள் கட்டளைச் சட்டத்தை நீக்கி, இலங்கைப் பாராளுமன்றம் 2008இல் நிறைவேற்றிய 40ஆம் இலக்கச் சட்டம். மாட்டுவண்டிக் காலத்து ஏற்பாடு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நின்றுபிடித்தது வியப்புத்தான். தேசிய நெடுஞ்சாலைகளைப் பிரகடனம் செய்வதற்கும், வீதியோரக் கட்டட எல்லையை வகுப்பதற்கும், அதிவேக நெடுஞ்சாலைகளில் கட்டணம் அறவிடுவதற்கும் இன்று இதுவே அடிப்படை.

ஆயினும் கொழும்பு நகரத்தின் பழைய சிக்கல், அதாவது அதிகாரம் துண்டுபட்டிருப்பது, இச்சட்டத்தால் தீரவில்லை. வெள்ளவத்தையில் ஏ2 எனக் குறிக்கப்படும் காலி வீதி, 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளும் கொட்டாஞ்சேனையின் உள்தெருக்களும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. மழைவெள்ளம் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே சபையிடம் கொடுத்துவிடலாமே என்பர். ஆனால் உள்தெருவுக்கும் நடைபாதைக்கும் வாக்காளரிடம் பதில் சொல்ல வேண்டியது மாநகர சபை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தமும் தேசிய நெடுஞ்சாலை அல்லாத மாகாண வீதிகளை மாகாண சபைகளுக்கே ஒதுக்கியது. ஆகவே பெருந்தெருக்கள் சட்டத்தின் அடுத்த திருத்தம் அதிகாரத்தைக் குவிக்காமல், சந்திகளிலும் வடிகால்களிலும் இரு சபைகளின் கூட்டுப் பொறுப்பை எழுத்தில் வரையறுப்பதே பொருத்தம்.