டார்வென் நகரமும் காந்தியடிகளும்

இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், குன்றுகளிடையே அமைந்த சிறு நகரம் டார்வென். பருத்தி நெசவே அதன் உயிர்நாடியாய் இருந்தது. அங்கு நெய்த துணி பெருமளவில் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தது. 1860-களில் எழுந்த ஆலையொன்றுக்கு 'இந்தியா மில்' என்றே பெயரிட்டனர். சுமார் 300 அடி உயரமுள்ள அதன் புகைபோக்கி இன்றும் நிற்கிறது.

உலகப் பொருளாதார மந்தத்தோடு நமது அந்நியத் துணி விலக்கும் சேரவே, தறிகள் பல ஓய்ந்தன; தொழிலாளர் குடும்பங்கள் வாடின. 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள், ஆலை அதிபர் குடும்பமொன்றின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றார். கிரீன்பீல்டு ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரித்து வரவேற்றனர். அவர்தம் இன்னலைப் பரிவுடன் கேட்ட அடிகள், நம் கிராமங்களின் கொடிய வறுமையை எடுத்துரைத்தார். கதர்க் கொள்கையைத் தளர்த்தினாரில்லை.

ஆட்சியோடு போராடிய நாம், அந்நாட்டு உழைப்பாளிகளோடு பகை கொள்ளவில்லை. அன்று எடுத்த நிழற்படத்தின் மலர்ந்த முகங்களே அதற்குச் சான்று.