மழுங்கிய கத்தி சொல்லும் வரலாறு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் பழைய வீட்டுப் பரண்களில், இருபுறமும் மரப்பிடி கொண்ட வளைந்த கத்திகளை நாம் கண்டிருக்கிறோம். இவை எதற்கு என்று இளைஞர்கள் வினவுகின்றனர். கருவியே விடை கூறும்.

முதலில் வாயைப் பாருங்கள். அது சீராக மழுங்கியிருந்தால், தேய்ந்த கத்தி என்று எண்ண வேண்டாம். மழுக்கமாகவே செய்யப்பட்டது அது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைச் சாய்வான உருட்டு மரத்தின்மீது விரித்து, மயிரை வழித்துத் தள்ளும் கத்தி அது. கூர் இருந்தால் தோல் அறுபடுமன்றோ! வாய் கூராயின், தோலின் உட்புறச் சவ்வையும் கொழுப்பையும் சீவி எடுத்த கத்தி அது. மரத்தின் வளைவோடு பொருந்தவே கத்தியும் வளைந்துள்ளது. மரப்பிடியில் பதித்த தட்டையான பித்தளைத் தகடு கிடைத்தால், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்பட்ட ஈரத்தோலின் நீரை வழித்துச் சுருக்கம் நீக்கிய கருவி என்று அறிக.

1973இல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுப்பதத் தோலுக்கான இயந்திரங்கள் பெருகின; கைக்கருவிகள் ஒதுங்கின.

நாம் வேண்டுவது இதுவே: மழுங்கிய கத்தியைச் சாணை பிடிக்காதீர்கள், அதன் சான்று அழிந்துவிடும். தோல் தொழில் என்று சொல்ல நாணி, பழைய இரும்புக்கும் போடாதீர்கள். பலரை வளர்த்துப் படிக்கவைத்த கைகள் ஏந்தியவை இவை. அக்கைகளுக்குரிய முதியோர் இருக்கும்போதே, பெயரையும் பயனையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவையுங்கள்.