நோயில் இறந்த விலங்குகள்: எரித்த கதையும் எருவாக்கிய கதையும்



ஊரில் மாடோ ஆடோ செத்துப்போனால் வளவு மூலையில் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவோம். ஒன்றிரண்டுக்கு அது போதும். ஒரே கிழமையில் பல்லாயிரம் விலங்குகளைக் கொல்ல நேர்ந்தால் என்ன செய்வது?

2001 பெப்ரவரியில் பிரித்தானியாவுக்கு இந்தக் கேள்வி வந்தது. எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளில் கால் வாய் நோய், அதாவது கோமாரி, கண்டுபிடிக்கப்பட்டது. நோய் அடங்குவதற்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. விறகும் நிலக்கரியும் அடுக்கி எரித்தார்கள். அந்தப் புகையைத் தொலைக்காட்சியில் பார்த்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கம்பிரியாவில் கிரேட் ஓர்ட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட உடல்களைப் புதைத்தார்கள். புகை அயலவரை வருத்தியது. புதைகுழிக் கசிவு நிலத்தடி நீரில் கலந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

அமெரிக்காவில் வேறொரு வழி ஏற்கனவே இருந்தது. மேரிலாந்து, டெலவெயர் கோழிப்பண்ணைகளில் அன்றாடம் சாகும் கோழிகளைக் கூட்டெருவாக்கும் முறை 1980களில் வளர்ந்தது. 2004இல் அங்கே பறவைக் காய்ச்சல் வந்தபோது, கொன்ற கோழிகளைக் கொட்டகைக்குள்ளேயே எருவாக்கினார்கள். நோய்ப்பட்ட உடல்களை லொறியில் ஏற்றி வீதி வழியே கொண்டுபோகும் ஆபத்து இல்லாமற்போனது. 2015இல் சுமார் 5 கோடி கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தபோது, அயோவா, மினசோட்டா பண்ணைகளிலும் இதே முறை கைகொடுத்தது.

முறை எளியது. மரத்தூளை ஓரடி உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் உடல்களையும் கோழி எருவையும் கலந்து குவித்து, மறுபடி மரத்தூளால் நன்றாக மூடவேண்டும். ஈரமும் காற்றும் அளவாக இருந்தால், நுண்ணுயிர்கள் தின்னத் தின்னக் குவியல் சூடேறும். 55 பாகைக்கு மேல் சில நாட்கள் நின்றால் பறவைக் காய்ச்சல் வைரஸ் அழியும். அதனால் நீண்ட வெப்பமானியைக் குத்தி நாள்தோறும் பார்ப்பார்கள்.

எல்லா நோய்க்கும் இது மருந்தல்ல. அந்திராக்ஸ் கிருமியின் வித்திகளும், பைத்திய மாட்டு நோயின் புரதமும் இந்தச் சூட்டில் அழியா. பிரித்தானியாவில் பண்ணை விலங்குகளின் உடலைத் தோட்டத்தில் எருவாக்கவோ புதைக்கவோ சட்டம் இடந்தருவதில்லை.

ஆகவே, வீட்டின் பின்புறம் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோழிகள் திடீரெனச் சாகத் தொடங்கினால், ஊர்ப் பழக்கத்தில் மண்வெட்டியை எடுக்காதீர்கள். முதலில் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். அது உங்கள் அயலவரின் கோழிகளையும் காக்கும்.