செவிலியர் கல்வியில் ஆக்கச் செயற்கை நுண்ணறிவு

கேட்டதற்கேற்ப உரையும் படமும் ஆக்கித்தரும் மென்பொருள்களைச் செவிலியர் பயிற்சியில் பயன்படுத்துதல். 2022 நவம்பர் 30 அன்று இவ்வகை மென்பொருளான சாட்ஜிபிடி வெளியானபின் இது பரவலானது. இந்தியாவில் செவிலியர் கல்லூரிகளுக்கு வழிகாட்டுவது இந்திய செவிலியர் மன்றத்தின் பாடத்திட்டம். 2021இல் திருத்தப்பட்ட அத்திட்டம், பி.எஸ்சி. மாணவருக்கு நலத் தகவலியலைத் தனிப்பாடமாக்கியது. இக்கருவிகளைக் கற்பிக்க இயல்பான இடம் அதுவே.

மென்பொருளை நோயாளிபோல் பேசவைத்து, நெஞ்சுவலியோடு வந்தவரிடம் முதலில் எதைக் கேட்பது, பதறும் உறவினரிடம் எப்படிப் பேசுவது என்று தமிழிலேயே பழகலாம். இக்கருவிகளின் மிகச் சிறந்த பயன் இதுதான். ஆனால் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்தே மென்பொருள் எழுதுகிறது. அதனால் தவறான மருந்தளவையும் இல்லாத ஆய்வுக் கட்டுரையையும் தயங்காமல் தரக்கூடும். நோயாளியின் பெயரையோ நோய் விவரத்தையோ இதில் பதியவே கூடாது. ஊசி போடுவதையோ மூத்த செவிலியரின் கண்முன், கையால் செய்துதான் கற்க முடியும்.